நித்திய சுமங்கலியிலிருந்து சுமங்கலித் திட்டம்வரை: 'மீட்பு' என்னும் சொல் குறித்து

சாரல் பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் மாதத்தில் நானும் ஒரு தோழியும் குற்றாலத்தில் ஒரு விடுதியில் அறை கேட்டுப் போனோம். மேசைக்குப் பின்னாலிருந்தவர் பேரேட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, 'கூட ஆம்பளையாளு யாரும் வரலையா மேடம்?' என்றார். இல்லை என்றோம். 'சீசன் நேரம் பாருங்க. ராத்திரி செக்கிங் வருவாங்க. உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்.' கடைசியில் அறை கிடைத்தது. பேரேட்டில் 'உறவு' என்றொரு பத்தி. நான் 'தோழி' என்று எழுதினேன். அவர் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு 'சகோதரி' என்று எழுதினார். எங்களைக் காப்பாற்றுகிற நல்லெண்ணத்தில்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த அடித்தலையும் திருத்தலையும்தான் இந்தக் கட்டுரை வாசிக்க முயல்கிறது. ஒரு பெண் எந்த ஊரில், யாருடன், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைச் சட்டம் எப்படி எழுதி வைத்திருக்கிறது, அந்தச் சட்டத்தின் ஆவி எப்படி ஒரு விடுதிக் கணக்குப்பிள்ளையின் பேனாவுக்குள் குடியேறுகிறது என்பது பற்றி. ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அமலாக்கம் சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அமலாக்கம் சரியில்லைதான். ஆனால் சட்டத்தையும் ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாமே. கவிதைக்குச் செய்கிற மரியாதையை ஒருமுறை சட்டத்துக்கும் செய்வோம்.

முதலில் சொற்கள். எங்கள் பக்கத்தில், அதாவது தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில், 'கடத்தல்' என்றால் அரிசி. புளியரைச் சோதனைச் சாவடியில் லாரியை மறிப்பார்கள், தவிட்டு மூட்டைக்கு அடியில் ரேஷன் அரிசி இருக்கும், மறுநாள் பேப்பரில் வரும். 'ஆள் கடத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் மனசில் எழுகிற சித்திரமும் அதுவாகவே இருக்கிறது: ஒரு லாரி, ஒரு தார்ப்பாய், கையும் களவுமாக ஒருவன். நான் அறிந்தவரை எங்கள் ஊர்களிலிருந்து போன பெண்பிள்ளைகள் யாரும் தார்ப்பாய்க்கு அடியில் போகவில்லை. டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, சித்தியோடோ அத்தையோடோ போனார்கள். சட்டம் லாரியைத் தேடிக்கொண்டிருக்கையில் பேருந்து போய்விடுகிறது.

'மீட்பு' இன்னொரு சொல். தமிழில் மீட்பது என்றால் அடகு வைத்த நகையை மீட்பது. மீட்ட நகை அதன் உரிமையாளரிடம் திரும்பும். நகை தனக்குத்தானே உரிமையாளராக முடியாது. சீசன் காலத்து நாளிதழ்களில் வருகிற செய்தியைக் கவனியுங்கள்: 'அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது'. யாரிடமிருந்து மீட்டார்கள் என்பது வாக்கியத்தில் இருக்கிறது. யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பது இருக்காது. அவளுடைய பை, அவளுடைய கைப்பேசி, அன்றைக்கு அவளுக்கு வரவேண்டிய பணம் என்னவாயிற்று என்பதும் இருக்காது. அறைக்குள் இருந்த ஆண்கள் வாக்கியத்துக்குள்ளேயே வருவதில்லை. 'அழகி' என்ற அந்தக் கேவலமான சொல்லை நம் பத்திரிகைகள் எத்தனை பத்தாண்டுகளாகக் கூச்சமில்லாமல் அச்சிட்டு வந்திருக்கின்றன என்பதை யாராவது தனியே எழுத வேண்டும்.

இப்போது சட்டப் பிரதிக்கு வருவோம். 1950இல் நியூயார்க்கில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி 1956இல் இந்திய அரசு ஒழுக்கக்கேடான வணிகத்தை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1986இல் திருத்தி, 'ஒழிப்பு' என்பதைத் 'தடுப்பு' என்று பெயர் மாற்றினார்கள். பழைய சட்டம் விபசாரத்தை ஒரு பெண் கூலிக்குத் தன் உடலைத் தருவது என்று வரையறுத்தது. திருத்தப்பட்ட வரையறையில் அது வணிக நோக்கில் மனிதர்களைப் பாலியல்ரீதியாகச் சுரண்டுவது. வாசிக்கையில் நல்ல மாற்றமாகத் தெரிகிறது. குற்றம் செய்கிறவள் என்ற இடத்திலிருந்து சுரண்டப்படுகிறவள் என்ற இடத்துக்கு அவள் நகர்ந்துவிட்டாள். ஆனால் எட்டாவது பிரிவு அப்படியே இருக்கிறது. பொது இடத்தில் ஆளை அழைத்தால் பெண்ணுக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளுக்குக் குறையாமல், மூன்று மாதம்வரை. சுரண்டப்படுகிறவள் என்று இரண்டாவது பிரிவில் சொன்ன சட்டம் எட்டாவது பிரிவில் அவளைச் சிறைக்கு அனுப்புகிறது. இடையே ஐந்தாறு பிரிவுகள்தான்.

ஏழாவது பிரிவு குற்றாலத்துக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இத்தொழில் நடந்தால் அது தனிக் குற்றம். குற்றாலநாதர் கோயில் பேரருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் வாசலில் கயிற்றைக் கட்டி 200 மீட்டருக்கு இழுத்தால் அருவி, பழக்கடை, சிப்ஸ் கடை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாமே அதற்குள் விழும். இந்தத் தூரத்தைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோயிலிலிருந்து ஒரு பெண்ணின் உடலை இத்தனை மீட்டர் தள்ளிவை என்று ஒரு சட்டம் சொல்ல வேண்டுமானால், அந்த உடல் அதற்கு முன்பு எங்கே இருந்தது?

கோயிலுக்கு உள்ளே இருந்தது. நூற்றாண்டுகளாக.

*

தேவதாசி ஒழிப்பின் வரலாறு நமக்குத் தெரியாததா என்ன? முத்துலட்சுமி ரெட்டி, சட்டசபை, சத்தியமூர்த்தியின் எதிர்ப்பு, அதற்கு அம்மையார் கொடுத்ததாக மேடைதோறும் சொல்லப்படும் பதிலடி. அந்தப் பதிலடிக் கதையை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கைதட்டல் நிச்சயம். அதே அம்மையார் 1929இல் நிறைவேற்றிக் கொடுத்த சட்டத்தைப் பற்றி ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

1929ஆம் ஆண்டுச் சட்டம் இந்து அறநிலையச் சட்டத்துக்கு வந்த ஒரு திருத்தம். சலிப்பூட்டுகிற, வருவாய்த்துறை வாசனை அடிக்கிற சட்டம். கோயிலில் ஊழியம் செய்வதற்காகத் தாசிகளுக்கு இனாமாக விடப்பட்டிருந்த நிலங்களை அந்த ஊழியத்திலிருந்து அது விடுவித்தது. ஊழியம் செய்யாவிட்டால் நிலம் போய்விடும் என்ற நிபந்தனை அறுந்தது. கோயிலுக்கு ஒரு வாடகையைக் கட்டிவிட்டு நிலத்தை அவளே வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. யாரையும் மீட்கவில்லை. பொட்டுக்கட்டிக்கொண்டு போக வேண்டிய நிர்ப்பந்தம் எங்கே முடிச்சிடப்பட்டிருந்ததோ, அந்த முடிச்சை மட்டும் பார்த்து அவிழ்த்தது. முடிச்சு நிலத்தில் இருந்தது.

பொட்டுக்கட்டைத் தடைசெய்யும் மசோதாவை அவர் அடுத்து 1930இல் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்கு 1947 ஆயிற்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். அந்தச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பொட்டுக்கட்டுவது சட்டவிரோதம். சரி. பொட்டுக் கட்டப்பட்டவள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். அதுவும் சரி. அத்தோடு நில்லாமல், கோயில் வளாகத்திலோ சாமி ஊர்வலத்திலோ, கும்ப ஆரத்தியோடோ இல்லாமலோ, பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றது. தண்டனை ஆறு மாதம்வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிறகு ஒரு விளக்கக் குறிப்பு வருகிறது: தண்டனைக்குரிய நபர் என்பதில் யாருக்குச் சடங்கு நடத்தப்படுகிறதோ அந்தப் பெண்ணும் அடக்கம். பதினாறு வயது ஆகியிருந்தால் போதும்.

ஆறு மாதம், ஐந்நூறு ரூபாய். 1947இல் கோயிலுக்குள் இருந்தவளுக்கு எழுதிய அதே கணக்கு 1956இல் தெருவில் நிற்பவளுக்கும் வந்தது தற்செயலாக இருக்கலாம். காப்பாற்றப்பட வேண்டியவளையே தண்டனைப் பட்டியலில் சேர்க்கிற அந்த விளக்கக் குறிப்பு தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 1929இன் சட்டம் அவளைச் சொத்துள்ள ஒருத்தியாகப் பார்த்தது. 1947இன் சட்டம் அவளை ஒழுக்கம் குறித்த ஒரு பிரச்சினையாகப் பார்த்தது. அதற்குப் பிறகு நம் சட்டங்கள் எல்லாம் இரண்டாவதன் பிள்ளைகள்.

இந்த இடத்தில் ஒரு தோழர், 'அப்ப நீங்க சத்தியமூர்த்தி கட்சியா?' என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். இல்லை. 1991இல் எஸ். ஆனந்தி எழுதிய கட்டுரையையும் அதற்கு முன்பே அம்ரித் ஸ்ரீநிவாசன் எழுதியதையும் படித்துவிட்டு, தேவதாசி முறையே ஏதோ பெண் சுதந்திரத்தின் பொற்காலம் என்கிற மாதிரிப் பேசிய சிலரை எனக்குத் தெரியும். பருவம் வருவதற்கு முன்பே பொட்டுக்கட்டப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பொற்காலம்? தானே அந்தக் குடும்பச் சூழலில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதியது வேலையற்றுப்போய் அல்ல. அதேசமயம், ஒழிப்புச் சட்டத்துக்கு எதிராக அரசுக்கு மனுப்போட்ட தாசிகள் சங்கத்துப் பெண்களையும் மதியிழந்தவர்கள் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் சோற்றுக்கு என்ன வழி என்று அவர்கள் கேட்டார்கள். நிலம் இருந்தவர்களுக்குத்தான் 1929இன் சட்டத்தில் பதில் இருந்தது, நிலமில்லாதவர்களுக்கு இல்லை. சீர்திருத்தத்தின் லாபம் அந்தச் சமூகத்தின் ஆண்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது என்ற அம்ரித் ஸ்ரீநிவாசனின் வாதத்தையும் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆகவே 1929ஐ நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. அந்தத் திசையில் நாம் இன்னொரு அடிகூட எடுத்துவைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

*

குற்றாலத்தைப் பற்றி எழுதிவிட்டுக் குறவஞ்சியைத் தொடாமல் போனால் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் என்னை மன்னிக்காது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் எல்லோரும் வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் மலைவளத்தையும் சொல்லிச் சிலாகிப்பார்கள். எனக்குப் பிடித்த இடம் கடைசியில் வருவது. சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன் அவளைக் கண்டுபிடித்ததும் அவள் மேலிருக்கிற நகைகளைப் பார்க்கிறான். காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொன்றாய் விசாரிக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அவள் ஊர் பேர் சொல்லிக் கணக்குக் காட்டுகிறாள்: இது இன்ன சீமையில் குறி சொன்னதற்கு, இது இன்னாரிடம் வாங்கியது. வேடிக்கையாகத்தான் ரசித்து வந்திருக்கிறோம். ஆனால் அது ஒரு விசாரணை. ஊர் ஊராகத் தனியே போய், தன் வாய்த்திறத்தால் சம்பாதித்து வந்த ஒரு பெண்ணிடம், 'இது உனக்கு எப்படி வந்தது?' என்று கேட்கும் விசாரணை. தனியே பயணம் போகிற பெண்ணின் கையில் காசு இருந்தால் அது சந்தேகத்துக்குரிய காசு.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காவது பிரிவு இதையே கேட்கிறது. விபசாரத்தின் வருமானத்தில் வாழ்கிற, பதினெட்டு வயதைத் தாண்டிய எவரும் குற்றவாளி. தரகனைப் பிடிக்க எழுதியது என்பார்கள். அவள் சோறு போடுகிற தாயும், கல்லூரிக்குப் போகிற மகனும் அதே வாக்கியத்துக்குள்தான் நிற்கிறார்கள். சிங்கனாவது கணக்கைக் கேட்டுவிட்டுச் சமாதானமானான்.

குறவஞ்சிக்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க அரசர் நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பெயர். எழுதியவனுக்கு நிலம் அவன் பேரில். கோயில்களில் குறவஞ்சிகளை ஆடிய பெண்களுக்கு நிலம் இருந்தால் அது ஊழியத்தின் பேரில். இந்த இரண்டு நிலங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் நம் இலக்கிய வரலாறும் இருக்கிறது. பிறகு 1944இல் குற்றாலக் குறவஞ்சி அடையாறில், கலாக்ஷேத்திராவில், ருக்மிணி தேவியின் நாட்டிய நாடகமாக மேடையேறியது. அந்த மரபைச் சொல்லிக் கொடுக்க உதவியவர் காரைக்கால் சாரதாம்பாள், தேவதாசி மரபில் வந்தவர். மூன்றே ஆண்டுகளில் கோயிலில் பெண் ஆடுவது குற்றமானது. ஆடியவர்களிடமிருந்து ஆட்டம் மட்டும் பத்திரமாக மீட்கப்பட்டது. அதே அடையாறில்தான் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும் இருந்தது. ஆட்டத்துக்கு ஒரு வளாகம், அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்கு ஒரு வளாகம். பக்கத்துப் பக்கத்தில்.

*

பொட்டுக்கட்டப்பட்டவளுக்கு 'நித்திய சுமங்கலி' என்று பெயர். கணவன் சாமி, சாவில்லை, ஆகவே அவளுக்குத் தாலி அறுப்பும் இல்லை. அந்தச் சொல் எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்தபோது அதன் பின்னால் ஒரு 'திட்டம்' ஒட்டிக்கொண்டிருந்தது. சுமங்கலித் திட்டம். சில இடங்களில் திருமகள் திருமணத் திட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலைசெய்ய வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் கையில் வரும். மூன்று வருடம் முடிந்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும். 480 நாள் வேலைசெய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறதே என்றால், இவர்கள் தொழிலாளிகள் அல்ல, 'பயிற்சியாளர்கள்' என்று பதில் வந்தது. அவளுடைய கூலியைப் பிடித்துவைத்து அவளுக்கே சீதனமாகக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டுக்குச் 'சுமங்கலி' என்று பெயர் வைத்தவர் மொழியறிவு உள்ளவர்தான்.

அரசும் இதில் ரொம்பத் தூரம் தள்ளி நிற்கவில்லை. தாசி ஒழிப்புக்காக வாழ்நாளைச் செலவிட்ட மூவலூர் அம்மையாரின் பெயரை 1989இல் தமிழக அரசு ஒரு திருமண நிதியுதவித் திட்டத்துக்கு வைத்தது. பின்னால் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. ஒரு பெண்ணைக் கரையேற்றுவது என்றால் தாலிதான் என்று நம் கற்பனை அத்தனை உறுதியாக இருந்திருக்கிறது. 2022இல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அது மாதாமாதம், அவள் கணக்கில், அவள் பேரில் வருகிறது. 1929க்குப் பக்கத்தில் வருகிற காரியம் என்று எனக்குப் படுகிறது. ஆள் கடத்தல் தடுப்பு என்று அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு மனித வாணிபத்தையும் வெட்டி வேலையையும் ஒரே மூச்சில் தடைசெய்கிறது. சாசனம் எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே நோயாகத் தெரிந்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் பிரித்துவிட்டார்கள். உடம்புக்கு 1956, உழைப்புக்கு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலை நூற்பாலை வாசலில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். 2013 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டத்தில் ஆள் கடத்தலின் வரையறைக்குள் 'கட்டாய உழைப்பு' இருந்தது. இரண்டு மாதத்தில் அது முழுச் சட்டமானபோது அந்தச் சொல் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பிச்சையெடுக்க வைப்பதைப் புதிதாகச் சேர்த்தார்கள். கட்டாய உழைப்பு இன்னமும் பேர் சொல்லி அழைக்கப்படவில்லை.

மாநிலச் சட்டம் என்று ஒன்று நம்மிடம் உண்டா? உண்டு. 1982இன் 14ஆவது சட்டம். ஊர்வாயில் குண்டர் சட்டம். அதன் முழுப்பெயரை மூச்சுவிடாமல் சொல்ல முடியாது: கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், ஒழுக்கக்கேடான வணிகக் குற்றவாளி, குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர், 2004க்குப் பிறகு திருட்டு வி.சி.டி.காரர், பின்னால் மணல், பாலியல், இணையக் குற்றவாளிகள். பெண்ணை விற்றவனும் சினிமாவைத் திருட்டுத்தனமாய் விற்றவனும் ஒரே பட்டியலில். விசாரணையில்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கலாம். அந்தச் சட்டத்தில் விற்கப்பட்டவளைப் பற்றி ஒரு வாக்கியமும் கிடையாது. அவன் உள்ளே போய்விட்டான், சரி, அவள் எங்கே போவாள் என்ற கேள்வி அந்தப் பிரதிக்குத் தோன்றவே இல்லை.

அவள் போக வேண்டிய இடம் மத்தியச் சட்டத்தில் இருக்கிறது: பாதுகாப்பு இல்லம். நீதிபதி விசாரித்து, ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டுவரை அவளை அங்கே வைக்க உத்தரவிடலாம். அவருக்கு யோசனை சொல்ல ஐந்து 'மதிப்புக்குரிய நபர்கள்', கூடுமானால் அதில் மூன்று பேர் பெண்கள். மதிப்புக்குரியவர் யார் என்பதற்கு வரையறை இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. வயதுவந்த பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக இந்த இல்லங்களில் வைத்திருக்கிறார்களா என்று கணக்கெடுத்து விடுவிக்கச் சொல்லி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. மீட்கப்பட்டவர்களை மீட்க ஓர் உத்தரவு. 2014இல் தமிழ்நாட்டில் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்திலும் ஆட்சியரின் உரிமம், காப்பாளர், காவலாளி எல்லாம் உண்டு. பூக்கோவைப் படித்தவர்கள் இதை விளக்கச் சொல்லி என்னைக் கேட்க வேண்டாம். கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். ஆலை விடுதியில் மூன்று வருடம், பாதுகாப்பு இல்லத்தில் மூன்று வருடம்.

*

இதையெல்லாம் எழுத உட்காருவதற்கு முன் தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண், இப்போது நாற்பதை நெருங்குகிறாள், பதினாறு வயதில் இப்படி ஒரு ஆலைக்குப் போனவள். இரண்டே முக்கால் வருடத்தில் நெஞ்சுச்சளியும் மூச்சிரைப்புமாகத் திரும்பி வந்தாள். மூன்று வருடம் முடியாததால் மொத்தத் தொகை இல்லை என்றுவிட்டார்கள். இப்போது பீடி சுற்றுகிறாள். முறத்தை மடியில் வைத்து இலையை வெட்டிக்கொண்டே பேசினாள்.

'உன்னையக் கடத்திக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லலாமா?' என்று கேட்டேன். கேட்டபோதே என் கேள்வியின் அபத்தம் எனக்குத் தெரிந்தது.

'கடத்தலா?' என்று சிரித்தாள். 'புளியரையில புடிக்காவள்லா அரிசி, அதாக்கா? என்னைய யாருக்கா கடத்துனா? எங்க சித்திதான் கூட்டிட்டுப் போனா. டிக்கெட்டு எங்கம்மா எடுத்தா. போவும்போது நான் என்ன சந்தோசமாப் போனேன் தெரியுமா. மொத மொத அவ்வளவு தூரம் பஸ்ல போறோம்லா.'

'வெளிய விட்டாங்களா?'

'மாசத்துல ஒருநா கூட்டிட்டுப் போவாவ. வார்டன் கூட வரும். வரிசையாப் போயிட்டு வரிசையா வரணும்.'

கொத்தடிமைச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கலாம், உடனடி உதவியாக முப்பதாயிரம்வரை உண்டு, பெண்களுக்கு மறுவாழ்வு நிதி இரண்டு லட்சம், ரொம்பக் கொடுமையான வழக்கென்றால் மூன்று லட்சம் என்று 2016இலிருந்து மத்திய அரசின் திட்டம் இருக்கிறது, அந்த முப்பதாயிரம் பின்னால் உயர்த்தியது, என்றெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். முழுத்தொகை வேண்டுமென்றால் முதலாளிக்குத் தண்டனை உறுதியாக வேண்டும் என்று நான் சொன்னதும் கத்தரிக்கோலை நிறுத்தினாள்.

'அவனுக்குத் தண்டனை கெடைக்கலைன்னா நான் பட்டது இல்லன்னு ஆயிருமா?'

எனக்குப் பதில் வரவில்லை. 2018இல் மக்களவை நிறைவேற்றிய ஆள் கடத்தல் தடுப்பு மசோதாவில், மறுவாழ்வு என்பது வழக்கின் முடிவைச் சார்ந்ததல்ல என்று ஒரு வாசகம் இருந்தது. வீட்டுக்கு வீடு காவல் இல்லங்களைப் பெருக்குகிற அந்த மசோதாவில் எனக்குப் பிடித்திருந்த ஒரே வாசகம். மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019இல் அது காலாவதியாயிற்று. இதை அவளிடம் சொல்லி என்ன பயன் என்று சொல்லவில்லை. பேச்சை மாற்ற, தாசிகளுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்த அந்தப் பழைய சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதில்தான் அவளுக்குச் சுவாரசியம் வந்தது.

'பட்டா அவுக பேர்லயே போட்டுக் குடுத்தாவளா?'

'நிலம் இருந்தவங்களுக்கு.'

'பரவால்லையே' என்றாள். கொஞ்ச நேரம் இலையை உருட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். 'எனக்கு அந்த ரெண்டு லட்சமெல்லாம் வேண்டாங்கா. நான் வேல செஞ்ச ரெண்டே முக்கா வருசத்துக்கு உண்டான கூலியக் கணக்குப் பாத்து வாங்கித் தர ஒரு எழுத்து எழுதித் தருவியா? இப்பம் பீடிக்குப் பாஸ்புக்கு என் பேர்லதான் வச்சிருக்கேன். முன்ன எங்க மதினி பேர்ல இருந்துச்சி. நாயா அலைஞ்சி மாத்துனேன்.'

கூலியின் பாக்கி என்று எழுதினால் தொழிலாளர் துறை, கொத்தடிமை என்று எழுதினால் கோட்டாட்சியர், ஆள் கடத்தல் என்று எழுதினால் காவல் நிலையம். இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம் என்பதால் மூன்று இடத்திலும் முதல் கேள்வி ஏன் இவ்வளவு தாமதம் என்பதாகத்தான் இருக்கும். நான் காகிதத்தை எடுத்து 'அனுப்புநர்' என்று எழுதி அவள் பேரைப் போட்டேன். 'பெறுநர்' என்ற இடத்தில் பேனா நின்றது. அதற்குள் கட்டுகளை எண்ணி முடித்துவிட்டு, கம்பெனி அடைக்கிற நேரமாகிவிட்டது என்று தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். 'நீ எழுதிக்கிட்டிரு, நான் குடுத்துட்டு வந்திருதேன்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.